குறுகிய சந்து, கனத்த கல்: முதுகு பிடிக்காமல் கொண்டுபோவது எப்படி?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் செடியும் இல்லை, பூவும் இல்லை. கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். வாசலில் ஒரு குவியல் மணல், அதற்குப் பக்கத்தில் ஜல்லி, சுவரில் சாய்த்து வைத்த பலகைக்கற்கள், அதற்குப் பின்னால் இரண்டு பெரிய செடித்தொட்டிகள். இவ்வளவும் பின்பக்கத் தோட்டத்துக்குப் போக வேண்டும். போவதற்கு இருக்கிற வழி இந்தச் சந்து மட்டும்தான். டேப்பை வைத்துக் காட்டுகிறேன்: 70 சென்டிமீட்டர். குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இந்த இடத்தில் 62. கடைசியில் ஒரு திருப்பம், திரும்பியதும் இரண்டு படி.

பாரம் தூக்குவது பற்றி எல்லோரும் சொல்கிற அறிவுரை ஒன்று உண்டு. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை. தப்பே இல்லை. ஆனால் அது திறந்தவெளிக்குச் சொன்னது. இங்கே நின்று செய்து காட்டுகிறேன். காலை அகட்டினால் ஒரு பாதம் சுவரில் இடிக்கிறது. முழங்காலை மடக்கினால் அது போய்க் கல்லில் முட்டுகிறது, அதனால் கல் என்னை விட்டு ஒரு முழம் தள்ளியே இருக்கிறது. எப்படியோ தூக்கிவிட்டாலும் திரும்புவதற்கு இடம் இல்லை. பாதம் அப்படியே இருக்க, இடுப்புக்கு மேலே மட்டும் திருகிக்கொள்கிறோம். ஆக குனிவது, தள்ளிப் பிடிப்பது, திருகுவது என்று முதுகுக்கு ஆகாத மூன்றையும் சந்து ஒரே நேரத்தில் செய்ய வைக்கிறது. கல்லின் எடையைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பு, 1991-ல் பாரம் தூக்குவதற்கான தன் சூத்திரத்தைத் திருத்தியது. எல்லாமே சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை போகலாம் என்று அது தொடங்குகிறது. சாதகம் என்றால், பாரம் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும், நேர் எதிரே இருக்க வேண்டும், எப்போதாவது ஒருமுறைதான் தூக்க வேண்டும். ஒவ்வொன்றும் கெடக் கெட அந்த 23 குறைந்துகொண்டே வரும். கணுக்காலிலிருந்து கைப்பிடி 25 சென்டிமீட்டரில் இருந்தால் முழு 23. அதுவே 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் நேர்பாதி, 11.5 கிலோ.

இப்போது நம் சந்துக் கணக்கைப் போடுவோம். கல் தரையில் கிடக்கிறது, 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, 45 டிகிரி திருகித் தூக்குகிறோம். விடை சுமார் 9.5 கிலோ. ஆள் அதே ஆள்தான், கை அதே கைதான். நிற்கிற விதம் மட்டும் மாறியதில் 23 என்பது 9.5 ஆகிவிட்டது. 10 கிலோ தூக்கினால் முதுகு உடனே போய்விடும் என்று அர்த்தம் இல்லை. அந்த அளவைத் தாண்டும்போது அபாயம் ஏறத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் சந்துக்குள் தூக்குவதையே முடிந்தவரை தவிர்க்கிறேன். உருட்டலாம், நகர்த்தலாம், சாய்த்துத் தள்ளலாம். எதற்கும் வழியில்லை என்றால்தான் தூக்குவது. அதையும் சந்துக்கு வெளியே, நிமிர்ந்து நிற்க இடம் உள்ள பக்கம் வைத்துக்கொள்வது.

சரி, முதலில் எடை. கண்ணால் பார்த்துக் கனத்தை மதிப்பிடுவதில் நாம் எல்லோரும் மோசம். இந்தப் பலகைக்கல் 60-க்கு 60 சென்டிமீட்டர், தடிமன் 5 சென்டிமீட்டர். பார்க்க ஒல்லிதான். கருங்கல் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2,650 கிலோ வரும். பெருக்கினால் இந்த ஒரு கல் 48 கிலோ. கான்கிரீட்டில் இதே அளவு 43. மணல் காய்ந்திருந்தால் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. இதோ இந்த 20 லிட்டர் பக்கெட்டை விளிம்பு வரை நிரப்பினால் 32 கிலோ. மழையில் நனைந்த மணல் என்றால் அதற்கும் மேல். கையளவு பேவர் பிளாக், 20-க்கு 10-க்கு 6, ஒன்று மூன்று கிலோகூட இல்லை. ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு 50 வேண்டும், அதாவது 145 கிலோ பக்கம். 10 சதுர மீட்டர் தளம் போட்டால் ஒன்றரை டன்னை நெருங்குகிறது. அத்தனையும் இந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். வேலையை ஒரே நாளில் முடிப்பதா, பிரித்துச் செய்வதா என்பதைப் பொருள் வந்து இறங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம்.

பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோஸ் பைப்பைச் சுருட்டுங்கள், செருப்பு, துடைப்பம், காலித் தொட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், பாசி இருந்தால் சுரண்டுங்கள். மண் தரை என்றால் ப்ளைவுட் பட்டைகளை வரிசையாகப் போடுங்கள், சக்கரம் புதையாது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். 62 சென்டிமீட்டர் சந்தைக் கேட்கவே வேண்டாம்.

இப்போது கல்லுக்கு வருவோம். தரையில் படுத்துக் கிடக்கிற கல்லை விரலால் கெல்லி எடுக்காதீர்கள். கடப்பாரை எதற்கு இருக்கிறது? நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, நுனியிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு முட்டுக்கட்டை வைக்கிறேன். கடப்பாரை ஒன்றரை மீட்டர். முட்டுக்கு இந்தப் பக்கம் 135, அந்தப் பக்கம் 15, ஆக ஒன்பது மடங்கு. கல்லின் ஒரு ஓரத்தை மட்டும் எழுப்புவதால் பாதி எடைதான், 24 கிலோ. என் கைக்கு வருவது மூன்று கிலோகூட இல்லை. இங்கே கவனியுங்கள், கடப்பாரையைச் சந்தின் நீளவாக்கில் வைத்திருக்கிறேன். குறுக்கே வைத்தால் அழுத்துவதற்குள் மறுமுனை சுவரில் இடித்து நின்றுவிடும். இன்னொன்று, அழுத்தும்போது முகத்தைக் கடப்பாரைக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். நுனி வழுக்கினால் கம்பி துள்ளி எழும்.

ஓரம் எழும்பியதும் ஒரு மரத்துண்டைக் காலால் உள்ளே தள்ளுகிறேன். கை உள்ளே போகவே கூடாது. அடுத்த ஓரத்தையும் இதே மாதிரி எழுப்பி இன்னொரு துண்டு. இப்போது கல்லுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி வந்துவிட்டது. மூன்று பைப் துண்டுகளைக் குறுக்கே உருட்டிவிட்டு மரத்துண்டுகளை உருவிவிடுகிறேன். பைப் கல்லைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், ஆனால் சுவரைத் தொடக் கூடாது. இனி ஒரு கையால் தள்ளினாலே நகர்கிறது, பாருங்கள். பின்னால் விடுபடுகிற பைப்பை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். கல் ஒரு பக்கமாகச் சுவரை நோக்கிப் போனால் கல்லோடு மல்லுக்கட்டாதீர்கள். முன் பைப்பின் ஒரு முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டிச் சாய்த்துவிடுங்கள், கல் தானாகத் திரும்பும். தரை சரிவாக இருந்தால் மட்டும் பைப் வேண்டாம். ஓட ஆரம்பித்த கல்லைச் சந்துக்குள் நிறுத்த முடியாது.

பைப் போட வசதியில்லாத இடத்தில் கல்லை நிமிர்த்தி, நடத்திக்கொண்டு போகலாம். விளிம்பில் நிற்க வைத்து, ஒரு மூலைமேல் லேசாகச் சாய்த்து, மறுமூலையை முன்னே திருப்பி, பிறகு அந்த மூலைமேல் சாய்த்து இதை முன்னே திருப்பி. ஈஸ்டர் தீவின் பிரம்மாண்டக் கற்சிலைகள் இப்படித்தான் நடந்து போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் இரண்டு பேர் சோதித்துக் காட்டினார்கள். நான்கு டன்னுக்கு மேல் கனமுள்ள ஒரு மாதிரிச் சிலையை 18 பேர் வெறும் கயிறுகளை வைத்தே ஆட்டி ஆட்டி 100 மீட்டர் நடத்தினார்கள். நமக்கு 48 கிலோதான். அடியில் பழைய ரப்பர் மேட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், மூலை உடையாது. நிமிர்த்தி வைத்த பலகைக்கல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: படுக்கைவாட்டில் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் முறிந்துவிடக்கூடிய கல், விளிம்பில் நிற்கும்போது முறியாது.

இதில் ஒரு விதி மட்டும் கண்டிப்பு. உங்களுக்குப் பின்னால் எப்போதும் வெளியேற வழி இருக்க வேண்டும். கல்லுக்கும் முட்டுச்சுவருக்கும் நடுவில் நிற்கவே நிற்காதீர்கள். கல் சாய்ந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை அண்டக் கொடுக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். உடைந்தால் வேறு கல் வாங்கிக்கொள்ளலாம்.

கற்கள் நிறைய இருந்தால் ட்ராலிதான். இரண்டு சக்கரம், கீழே ஒரு தட்டு, செங்குத்தான கைப்பிடி. மூட்டை தள்ளுகிற வண்டி. இதன் அகலம் 48 சென்டிமீட்டர், குழாய் இருக்கிற இடத்திலும் போய்விடும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி பெரும்பாலும் 60-க்கு மேல் இருக்கும், அங்கே மாட்டிக்கொள்ளும். கல்லைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து, தட்டை அடியில் கொடுத்து, நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டு வண்டியைப் பின்னால் சாய்க்கிறேன். சாய்க்கச் சாய்க்க ஓர் இடத்தில் கையில் பாரமே தெரியாது. எல்லாம் சக்கரத்துக்கு மேலே வந்துவிட்டது. அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சந்தில் முதலில் தோல் உரிவது விரல் முட்டிகள்தான்.

இப்போது அந்தத் திருப்பம். சந்து வேலையில் முதுகு பிடிப்பதற்கு என்றே கட்டிய மாதிரி இருக்கிற இடம் இது. பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறோம், சுவர் வருகிறது, பாதம் திரும்ப இடம் போதவில்லை, இடுப்பைத் திருகி பக்கெட்டை அந்தப் பக்கம் நீட்டி இறக்குகிறோம். ஒருமுறை செய்தால் ஒன்றும் தெரியாது. அரை நாள் செய்து பாருங்கள்.

நான் இங்கே ஒரு உறுதியான மேசையைப் போட்டிருக்கிறேன். பழைய மரமேசை, இடுப்பளவு உயரம், சரியாகத் திருப்பத்தின் மூலையில். பக்கெட்டோடு நேராக வருகிறேன், நேராக மேசைமேல் வைக்கிறேன். கை காலி. உடம்பைச் சுருக்கி மேசையைச் சுற்றி மறுபக்கம் போகிறேன். இப்போது என் பாதமும் மூக்கும் புதிய திசையைப் பார்த்து நிற்கின்றன. பக்கெட்டை மேசை விளிம்பு வரை இழுத்து, வயிற்றோடு சேர்த்து எடுத்துக்கொண்டு நடக்கிறேன். திருகவில்லை, குனியவில்லை, தள்ளிப் பிடிக்கவும் இல்லை. சூத்திரத்தின் மூன்று வெட்டும் இங்கே விழாது. இன்னோர் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் மேசைவரை, அவர் மேசையிலிருந்து. இரண்டு பேரும் எந்த நேரத்திலும் ஒரே சந்துக்குள் உரசிக்கொள்ள வேண்டியதில்லை.

மேசைக்கு இடமில்லையா? தலைகீழாகக் கவிழ்த்த டிரம், இரண்டு அடுக்கு கான்கிரீட் பிளாக், எதுவானாலும் சரி. ஆடக் கூடாது, முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மணல், ஜல்லி. ஒரு பக்கெட் முழுக்க நிரப்பி ஒரு கையில் தொங்கவிட்டால் உடம்பு மறுபக்கம் சாயும், இடுப்பில் ஒரு பக்கத் தசை மட்டும் இழுபடும். இரண்டு பக்கெட்டில் பாதிப்பாதி, இரண்டு கையிலும் என்றால் முதுகுத்தண்டு நேராக நிற்கும். சந்து இரண்டு பக்கெட்டுக்கு அகலம் போதவில்லை என்றால் ஒரு பக்கெட்டைக் கால்வாசி அல்லது மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். நடை கூடும்தான். கூடட்டும், நடப்பதால் யாருக்கும் முதுகு பிடிப்பதில்லை.

பாண்டில், அதாவது கட்டட வேலைச் சட்டியில், அள்ளி ஆள் மாற்றி ஆள் கொடுப்பதும் நல்ல முறைதான். கட்டட வேலை நடக்கிற இடத்தில் நின்று பார்த்தால் தெரியும், பழகினவர்கள் பாண்டைக் கீழே வைப்பதே இல்லை. மார்பளவில் வாங்கி மார்பளவிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் நிற்கிற இடைவெளி நெருக்கமாக இருக்க வேண்டும். கை நீட்டி எட்டிக் கொடுக்கிற தூரம் என்றால் ஓர் ஆள் குறைவு என்று அர்த்தம்.

அள்ளுவதற்கும் ஒரு வார்த்தை. ஜல்லிக் குவியலின் உச்சியில் மண்வெட்டியைக் குத்தினால் கல்லில் முட்டி நிற்கும், நாம் முதுகைக் கொடுத்து அழுத்துவோம். குவியலைக் கொட்டும்போதே அடியில் ஒரு ப்ளைவுட் போட்டுவிட்டால், தட்டையான மண்வெட்டி பலகைமேல் வழுக்கிக்கொண்டு அடியில் நுழையும். முன்னங்காலின் தொடையில் மண்வெட்டியின் கைப்பிடியை முட்டுக் கொடுத்து எழுப்புங்கள், கை தனியாகத் தூக்க வேண்டாம். பக்கெட்டை உங்களுக்குப் பின்னால் வைக்காதீர்கள்; குவியலுக்குப் பக்கத்திலேயே, ஒரு கல்லோ கட்டையோ போட்டு உயர்த்தி வையுங்கள். அவ்வப்போது கை மாற்றிக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் அள்ளும்போது கோமாளி மாதிரி இருக்கும். பரவாயில்லை, இங்கே யார் பார்க்கிறார்கள்? நீங்கள் பார்க்கிறீர்கள், சரி.

படிக்கட்டுக்குப் பலகை. இரண்டு படி சேர்ந்து 30 சென்டிமீட்டர் உயரம். 1.8 மீட்டர் பலகை போட்டால் சரிவு ஆறுக்கு ஒன்று. ட்ராலியும் கல்லும் சேர்ந்து 60 கிலோ என்றால், தள்ள வேண்டியது பத்து கிலோவும் சக்கரத்தின் உராய்வும்தான். பலகையின் மேல்முனை நழுவாமல் கட்டியிருக்க வேண்டும், நடுவில் வளையாமல் அடியில் ஒரு முட்டு இருக்க வேண்டும். பலகை ட்ராலி அகலத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருப்பது நல்லது.

செடித்தொட்டிக்கு ஒரே ஒரு யோசனை: நகர்த்துவதற்கு முன் தண்ணீர் ஊற்றாதீர்கள். 60 லிட்டர் மண் பிடிக்கிற தொட்டியில் ஒரே ஒரு நாள் ஊற்றிய தண்ணீர் பல கிலோ ஏற்றிவிடும். செடி தாங்கும் என்றால் இரண்டு நாள் காயவிட்டு, தார்ப்பாய் மேல் சாய்த்து ஏற்றி, தார்ப்பாயை இழுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு வயிறார ஊற்றிக்கொள்ளலாம்.

கல்லை வைக்கிற இடத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. தூக்கும்போது காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட இறக்கும்போது யாரும் காட்டுவதில்லை. கடைசி அங்குலத்தில் விரலை எடுப்பதற்காகக் கல்லைப் பொத்தென்று விடுவோம், அல்லது விரல் மாட்டாமல் இருக்க முதுகை வில்லாக வளைப்போம். இதோ, தரையில் முன்பே இரண்டு ரீப்பர் கட்டைகளை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, போட்டிருக்கிறேன். கல் அதன்மேல் உட்காருகிறது, என் விரல்கள் இடைவெளி வழியாக நிதானமாக வெளியே வருகின்றன. பிறகு கடப்பாரையால் ஒரு ஓரத்தை எழுப்பி ஒரு கட்டையை உருவுகிறேன், அடுத்த ஓரத்தை எழுப்பி அடுத்ததை.

இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால், பேசுவது ஒருவர் மட்டும். சந்தில் ஒருவர் பின்னோக்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். பேச்சு அவருடையதாக இருக்கட்டும், "நில்" என்ற வார்த்தைக்கு இன்னொருவர் காரணம் கேட்கக் கூடாது.

இனி உடம்பு. தூங்கி எழுந்ததும் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்குகள் நீர் ஏறி உப்பியிருக்கும். மாலையைவிடக் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்கைக் குனிந்து நெருக்குவது நல்லதில்லை. எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுக் கல்லுக்குப் போங்கள். அதே மாதிரி, ரொம்ப நேரம் குனிந்து பேவர் அடுக்கிவிட்டு எழுந்த வேகத்தில் பாரத்தைத் தொடாதீர்கள். நீண்டு போன தசைநார்கள் பழைய இறுக்கத்துக்கு வரக் கொஞ்ச நேரம் வேண்டும். நிமிர்ந்து நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், சில நிமிடம் நடங்கள்.

இடுப்பு பெல்ட் போட்டால் போதாதா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். காயமில்லாதவர்களை பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் கட்டிய தெம்பில் ஒரு கல் கூடுதலாகத் தூக்குவதுதான் எனக்குப் பயம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ட்ராலி சக்கரம் வாங்கிப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு முதுகு பிடித்துக்கொண்டால்? வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் நாள் கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். சாதாரணப் பிடிப்புக்கு, வலி தாங்குகிற அளவுக்கு மெதுவாக நடமாடுவதுதான் சீக்கிரம் குணமாக உதவும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. காலில் பலம் குறைந்தாலும், தொடை இடுக்கில் மரத்துப் போனாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலும், அல்லது சிறுநீர் வராமலே போனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அது நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த மணிநேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி மக்களே, பலகையின் மேல்முனையை இன்னும் கட்டவில்லை, அதை முடித்துவிட்டுக் கற்களை ஏற்றப் போகிறேன். தளம் போடுவது அடுத்த வீடியோவில்.